புளி போட்டுத் தேய்த்த காசு

“யாரைக் கேட்டு என் காசைப் புளி போட்டுத் தேச்சீங்க மைனி? இப்ப எனக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியலியே!”

இதே வார்த்தைகள், ஓர் எழுத்து கூடாமல் குறையாமல், மூன்று தடவை. அடுக்களை வாசலில் நின்று ஒரு தடவை, முற்றத்தில் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை, பிறகு தெருப்பக்கம் திரும்பி, கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்பதுபோல் ஒரு தடவை. சொன்னவள் ரொசாலி, என் வீட்டுக்காரர் கஸ்பாரின் தங்கச்சி. நாற்பத்தாறு வயது. இருபத்துமூன்று வருஷமாக என்னோடு ஒரே அடுக்களையில் புழங்குகிறாள், அன்றுவரைக்கும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. கையில் அவளுடைய ஊறுகாய்ப் பாட்டில். பாட்டிலுக்குள் அவளுடைய ஐந்து ரூபாய்க் காசுகள், நான் தேய்த்த தேய்ப்பில் நேற்று அடித்த காசுபோல் மினுங்கிக்கொண்டிருந்தன.

“சுத்தம் பண்ணி வச்சதுக்கு இதுதான் மரியாதையாக்கும்?” என்றேன். “சனிக்கிழமை, பித்தளையெல்லாம் தேச்சேன், கையோட இதையும் தேச்சேன். ஒண்ணு குறைஞ்சிருந்தா சொல்லு.”

“காசு இருக்கு மைனி. அதுல இருந்தது எங்க?”

கஸ்பார் பேப்பரை மடக்கவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்தே, “ஏளா, காசு காசாத்தானே இருக்கு, விடேன்,” என்றார். துறைமுகத்து எடைமேடையில் முப்பது வருஷம் லாரி எடை பார்த்தவர் அவர், எதையும் எடை போட்டுப் பார்த்தால் போதும் அவருக்கு.

எங்கள் சந்தியாகப்பர் கோயில் தெருவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தச் சண்டை விளங்காது. விளங்கவைக்கிற பொறுமையும் எனக்குக் கிடையாது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். காசு ஏன் நிறம் மாறுகிறது என்று எட்டாம் வகுப்பில் சிஸ்டர் கொன்சாகா எங்களுக்குப் பாடம் எடுத்தார்: காற்றும் ஈரமும் கைவியர்வையும் பட்டுப் பட்டுச் செம்பு பச்சை பூக்கும், வெள்ளி கறுக்கும், பித்தளை மங்கும், பிள்ளைகளே இது வேதியியல். நான் அதைக் கோடு போட்ட நோட்டில் சாய்வெழுத்தில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினேன். கான்வென்ட்டுக்கு அது சரி. எங்கள் தெருவில் காரணம் வேறு.

உப்பளக் காற்று திசைமாறி அடித்த வருஷம், தவக்காலத்தின் மூன்றாவது வாரம், எங்கள் தெருவில் காத்திருக்கிற காசெல்லாம் நிறம் மாற ஆரம்பித்தது. வந்த சூட்டில் செலவாகிற காசு அப்படியே இருந்தது. டப்பாவில், அரிசிப் பானையில், தலையணை உறைக்குள், சேலை முந்தானை முடிச்சில், மாதா படத்துக்குப் பின்னால், எங்கே ஒரு காசு ஒன்றுக்காக ஒதுக்கப்பட்டுக் காத்துக்கிடந்ததோ, அங்கே அது எதற்காகக் காத்துக்கிடந்ததோ அதன் நிறத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. சேலைக்கு ஒதுக்கிய காசு சேலையின் நிறம், கண் ஆபரேஷனுக்கு ஒதுக்கிய காசு பச்சைத் திரையின் நிறம், வாழைப்பழ அல்வாவுக்கு ஒதுக்கிய காசு நெய் மினுக்கும் கறுப்புச் சிவப்பு. முதல் வாரம் எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் எல்லோரும் அடுத்த வீட்டுக் காசைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அது ஒரு விஷயமாகவே இல்லை, குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுபோல ஆகிவிட்டது.

ஆனால் பழகுவது என்றால் சும்மாவா? மளிகைக்கடை ஜெபமணி அண்ணாச்சி சில்லறை வாங்க ஏழு பிளாஸ்டிக் டப்பா வைத்தார், நிறத்துக்கு ஒன்று, ஏனென்றால் அடுத்தவள் ஆசைப்பட்ட காசு எனக்கு வேண்டாம் என்று பொம்பளைகள் மிச்சத்தைத் திருப்பித் தள்ளினார்கள். மினிபஸ் கண்டக்டர், கறுத்த காசு நீட்டினவர்களைப் பார்த்து, “யாருக்குக் குழி வெட்ட வச்சிருந்தீங்க?” என்று கேட்டு இரண்டு அடி வாங்கினான். சைக்கிள் சிவப்பில் மகளின் உண்டியல் குலுங்குவதைப் பொறுக்கமுடியாமல் ஒரு தகப்பன் வலையை விற்றுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பங்குச் சாமியார் இன்னாசி ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டைத் தூக்கிக் காட்டி, “இதில் கிடக்கிற ஒரு காசும் கடவுளுக்காக ஒதுக்கின காசு இல்லை. இது மூக்குத்தி, இது டிவி, இது நம்ம விக்டருடைய... சரி, ஜெபிப்போம்,” என்றார்.

விக்டருடையது என்னவென்று தெருவுக்கே தெரியும். விக்டர் மச்சாது, எங்கள் எதிர்வரிசையில் ஐஸ்கட்டி ஏஜென்சி வைத்திருப்பவர், அவருடைய மேஜை டிராயரில் இருந்த காசெல்லாம் சந்தன நிறமாகிவிட்டது. சந்தன நிறத்தில் பொடிப்பூ போட்ட நைட்டி எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக் கொடியில்தான் காயும், அது அவர் வீட்டுக் கொடி இல்லை. அவர் பெண்சாதி தெக்கிளா அந்தக் காசுகளை ஒரு சொளகில் கொட்டி வாசலில் வெயிலில் காயவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம், “வத்தல் போட்டிருக்கேன்,” என்றாள்.

என் காசு நிறம் மாறவில்லை. நான் காசைக் காத்திருக்க விட்டதே இல்லை. இன்றைக்கு வந்தது இன்றைக்குத் தீரவேண்டும் எனக்கு, கடன் ஆனாலும் காய்ச்சல் ஆனாலும் சண்டை ஆனாலும். அதனால் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தவள் நான் ஒருத்திதான்.

ரொசாலியின் பாட்டில்தான் என்னைப் படுத்தியது. மாடி அறையில் தையல் மிஷின் போட்டு, சேலைக்கு ஓரம் அடிப்பாள், பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பாள், கோயில் பீடத்துக்கு விரிப்புத் தைப்பாள். ஒவ்வொரு சேலைக்கும் ஓர் ஐந்து ரூபாயை எடுத்துப் பாட்டிலில் போடுவாள். எத்தனை வருஷமாகப் போடுகிறாள் என்று நான் கேட்டதில்லை. அந்தக் காசுகள் ஒரு நிறத்துக்கு வந்தன, பாருங்கள், அதற்குப் பெயர் கிடையாது. புறாக்கழுத்து என்றால் இல்லை. சாம்பல் என்றால் அதற்குள் ஒரு ரோஸ், ரோஸ் என்றால் அதற்குள் ஒரு பச்சை. வெயிலுக்கு ஒன்றாகவும் நிழலுக்கு வேறொன்றாகவும் ஜன்னல்கட்டையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் துணிக்கடை துணிக்கடையாக ஏறினேன், வளையல் கடையில் கேட்டேன், பூக்காரியிடம் கேட்டேன். ரொசாலியிடமே கேட்டேன்.

“என்னட்டி அது நிறம்?”

“அது பாட்டுக்கு இருக்கு மைனி,” என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டு.

கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கருவாடு வாங்கப் போய் மினிபஸ்ஸில் திரும்புகிறேன். உப்பளத்து ரோட்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம், தனியாக ஓர் ஓட்டு வீடு. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு வேப்பங்கன்று, அவ்வளவுதான். அதன் கதவு பஸ் ஜன்னலில் ஒரு நொடி வந்து போனது. நான் கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கருவாட்டுப் பையோடு வெயிலில் திரும்பி நடந்தேன். முந்தினநாள் நான் பாட்டிலில் இருந்து கேட்காமல் எடுத்த ஒரு காசு என் பர்சில் இருந்தது. அதைக் கதவில் வைத்துப் பார்த்தேன். காசு காணாமல் போனது. விரலுக்கடியில் வட்டமாய்த் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு படகுக்காரர், படகுக்கு அடித்தது போக மிஞ்சின பெயிண்டையெல்லாம் ஒரே வாளியில் கலக்கிக் கதவுக்கு அடித்திருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் அந்த நிறம் இருக்க வழியில்லை. கதவில் ஆணியடித்துத் தொங்கியது: வாடகைக்கு.

நான் அந்த வாசலில் நின்றுகொண்டு எதையெல்லாம் நினைத்தேன் என்று சொல்கிறேன், அழகுபடுத்தாமல் சொல்கிறேன். அவள் இங்கே வந்துவிட்டால் காலையில் பால் வாங்குவது யார் என்று நினைத்தேன். என் இரண்டு பையன்களும் வளர்ந்து பஹ்ரைனுக்குப் போகிற வரைக்கும் மஞ்சள்காமாலைக்கும் அம்மைக்கும் கண்முழித்தது யார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வரன் வந்தபோதும் என் பிரசவம், கஸ்பாரின் குடலிறக்கம், பையனின் பரீட்சை என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்ததையும், அந்த ஏதோ ஒன்றைக் குறுக்கே கொண்டுவந்து போட்டது பாதி நேரம் நான்தான் என்பதையும் நினைத்தேன். யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்தேன். அதுதான் கடைசியாக நினைத்தது, அதுதான் பெரியதாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவள் பீட விரிப்பைக் கொடுக்கக் கோயிலுக்குப் போனாள். நான் பாட்டிலை எடுத்து வந்து, என் பர்சில் இருந்த அந்த ஒரு காசையும் சேர்த்து, குத்துவிளக்கு, மெழுகுவத்தித் தண்டு, தாம்பாளம் எல்லாவற்றோடும் துவைகல்லில் கொட்டினேன். பழம்புளியும் கல்லுப்பும் சாம்பலும் வைத்து, ஒவ்வொரு காசாக, முன்பக்கம் பின்பக்கம் விளிம்பு, நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தேன். நிறம் போனால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் கொஞ்சநாள் அடங்கியிருப்பாள், அவ்வளவுதான் என் கணக்கு. ஆசையும் சேர்ந்து போகும் என்று எந்த சிஸ்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பெயரில்லாத நிறம் கல்லில் இருந்து வழிந்து, முற்றத்தைத் தாண்டி, தெருச் சாக்கடையில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போனது. நான் கையை உதறிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் அவள் வந்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அந்த மூன்று தடவை.

மூன்றாவது தடவை சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. வாக்கியத்தை முடிக்கிறதற்குள் ஏன் ஆரம்பித்தோம் என்று மறந்தவள்போலப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “சோறு வடிச்சாச்சா மைனி?” என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு மீன்குழம்பு நன்றாக வந்திருந்தது, இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

தெரு இதையும் விழுங்கி ஜீரணித்தது. சண்டையைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்களே. திங்கட்கிழமை காலையில் தெக்கிளா சொளகோடு வந்தாள். “எக்கா, நம்ம வீட்டு வத்தலையும் கொஞ்சம் தேச்சுக் குடுங்களேன்,” என்றாள். தேய்த்தேன். சந்தனம் கரைந்து போனது. மறுநாள் விக்டர் வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கொடியைப் பார்க்காமல் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சேதி வந்ததும், எங்கள் முற்றத்தில் வரிசை நின்றது. பிள்ளைக்காகக் காத்துக் காத்துக் காசெல்லாம் தொட்டில் மரத்தின் நிறமானவள் வந்தாள். கப்பல் வேலைக்குப் பணம் சேர்த்துச் சேர்த்து நாற்பது வயதானவர் கடல்நீலக் காசை டிபன்பாக்ஸில் கொண்டுவந்து, “கண்ணை மூடிட்டுத் தேச்சிருங்க சிஸ்டர்,” என்றார். ஆஸ்பத்திரிப் பச்சைகள், பட்டுச் சிவப்புகள், நகைக்கடை மஞ்சள்கள், வீட்டுமனைச் செம்மண்கள், ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க எனக்கு அது கைவந்தது, புளி கிடைக்காமல் அண்ணாச்சி வெளியூரில் இருந்து மூட்டை இறக்கினார். சாமியார் பிரசங்கத்தில், “ஆசையை அடக்க ஜெபம் இருக்கிறது, புளி தேவையில்லை,” என்றார். அடுத்த புதன்கிழமை அவரே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். அது என்ன நிறம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தெரு அமைதியானது. நான் கேட்டிராத அமைதி. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன, யாரும் முந்தவில்லை. சீட்டுக் கம்பெனிக்காரன் கதவைத் தட்டி ஓய்ந்தான். அண்ணாச்சி ஏழு டப்பாவையும் கவிழ்த்து வைத்துவிட்டு, “எக்கா, கடைக்கு வாராக, நிக்காக, என்ன வேணும்னு கேட்டா முழிக்காக. அரை மணி நேரம் நின்னுட்டு உப்பு வாங்கிட்டுப் போறாக. நீங்க என் கடையை மூடச் சொல்லுதீங்களா?” என்றார்.

“உப்பாவது வாங்குறாங்களே,” என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

என் வீட்டில் அதுகூட இல்லை. டீயா காப்பியா என்று கேட்டால் ரொசாலி, “எதுன்னாலும் சரி மைனி,” என்பாள். ஃபேன் போடவா, அணைக்கவா, “எப்படின்னாலும்.” குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டு அவள் தட்டில் ஊற்றினேன், சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். அவள் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்து எறிந்து, “இது தையலா, கோணிச்சாக்குல போட்ட கெட்டா?” என்றேன். எடுத்துத் திரும்பவும் தைத்தாள். பழைய ரொசாலியாக இருந்தால் சத்தமில்லாமல் மாடிக்குப் போய், மிஷினை ஒரு மிதி மிதிப்பாள் பாருங்கள், கீழே எங்களுக்குச் சுவரே அதிரும். இப்போது மிஷின் மழைத்தூறல்போல ஓடியது. பாட்டிலில் காசு போடுவதை நிறுத்திவிட்டாள். காசைத் தெருவில் கிடந்த கல்லைப்போல எங்கேயாவது வைத்துவிட்டுப் போவாள், நான் பொறுக்கிப் பாட்டிலில் போட்டேன். அவை வாரக்கணக்கில் கிடந்தன, புதுக்கருக்கு மாறவே இல்லை. எதற்காகவும் காத்திருக்கவில்லை அவை.

“நிம்மதியா இருக்கா, அவள விடு,” என்றார் கஸ்பார். “இருபத்துமூணு வருஷத்துல இப்பத்தான் இந்த வீடு வீடா இருக்கு.”

என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஒரே கொடியில் ஒரே துணியை மூன்றுதரம் எடுத்து மூன்றுதரம் காயப்போட்டேன். அந்த வாரம்தான் தெக்கிளா திரும்ப வந்தாள். கையில் சொளகு இல்லை.

“எக்கா, அவரு எதிர்வீட்டப் பாக்கிறதில்ல,” என்றாள்.

“அதுக்குத்தானட்டி தேச்சோம்.”

“என்னையும் பாக்கிறதில்ல. சோறு போட்டா திங்காரு, படுன்னா படுக்காரு. முன்னயாவது அந்தக் கொடியப் பாத்துட்டு வந்து என்கிட்ட எரிஞ்சு விழுவாரு. அந்த நைட்டியத் திருப்பித் தர முடியுமா எக்கா?”

வரிசையில் நின்றவர்களை அன்றைக்கே விரட்டினேன். மிச்சப் புளியை அண்ணாச்சி கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அடுத்து ரொசாலியைக் கையைப் பிடித்து ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஜவுளிக்கடையில் புடவைகளை அவள்மேல் விரித்தேன், பேக்கரியில் மக்ரூன் வாங்கி வாயில் வைத்தேன், துறைமுகத்து வாசலில் நிறுத்திக் கப்பல் காட்டினேன். மினிபஸ்ஸில் ஏற்றி, உப்பளத்து ரோட்டில், அந்தக் கதவுக்கு எதிரில் இறக்கினேன். வெயில் நேராகக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது, சாம்பலுக்குள் ரோஸ், ரோஸுக்குள் பச்சை. நான் கதவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நல்ல கதவு,” என்றாள். பிறகு, “பஸ் எப்ப மைனி?”

மறுநாள் நான் தனியாகப் போய்ப் படகுக்காரரைப் பார்த்து, என் வளையல் ஒன்றை விற்ற பணத்தை முன்பணமாகக் கொடுத்து, சாவியை வாங்கிவந்தேன். வீட்டுக்குள் வந்தபோது மத்தியானம் மூன்று மணி. கஸ்பார் பேப்பரோடு இருந்தார். ரொசாலி தரையில் முறம் நிறையக் கொத்தவரங்காயை வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் படக்கென்றது.

“ரொசாலி, உன் காசு அந்தக் கதவு நிறத்துல இருந்துச்சு. எங்களை விட்டுப் போய் அந்த வீட்டுல தனியா இருக்கணும்னு நீ ஆசைப்பட்டே. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தேச்சேன். பித்தளையோட சேத்துத் தேச்சேன்னு சொன்னது பொய்.”

பேப்பர் ஒருதரம் சலசலத்து நின்றது.

“அப்படியா மைனி,” என்றாள் ரொசாலி.

“இந்தா சாவி.”

சாவியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை, தள்ளவும் இல்லை. “நான் அங்க போய் இருக்கணுமா? நீங்க சொன்னா போறேன்.”

“நான் சொல்லல ஏளா. உனக்கு வேணுமான்னு கேக்கேன்.”

அவள் காயைக் கீழே வைத்தாள். எனக்காக, ஒரு மரியாதைக்காக, கண்ணை மூடித் தனக்குள்ளே தேடினாள். பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது, இல்லையென்று தெரிந்தும் கண்டக்டருக்காக ஒருதரம் பர்சுக்குள் விரலை விட்டுத் துழாவுவோமே, அப்படித் தேடினாள். என் வாழ்க்கையில் எதற்காகவும் நான் அத்தனை நேரம் காத்திருந்ததில்லை.

“இல்ல மைனி,” என்றாள் கண்ணைத் திறந்து, இதமாக, நான்தான் எதையோ தொலைத்துவிட்டதுபோல. “ஒண்ணும் இல்ல.”

அடுத்த காயை எடுத்தாள். நுனியைக் கிள்ளினாள். நார் நீளமாக, அறுந்துபோகாமல், கையோடு வந்தது. கஸ்பார் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

“என்னத் திட்டணும்போல இருக்கா ரொசாலி? திட்டு. எம்மூஞ்சியில முழிக்க முடியாதுன்னு சொல்லு. அந்தப் பாட்டிலத் தூக்கி என் தலையில போடு.”

இன்னொரு காய். இன்னொரு நார்.

“ஏட்டி, என்கிட்ட ஏதாவது கேளு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணியாவது கேளேன்.”